பீப்பி மாமாவின் முன்பற்கள்

எங்கள் தெருப் பிள்ளைகள் அவரைப் பீப்பி மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்து வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறவர். சும்மா ஊதுகிறவர் இல்லை கண்ணுகளா, முதல் நாற்காலிக்காரர். பாட்டு எந்த இடத்தில் உச்சிக்கு ஏறுகிறதோ, அந்த இடத்தில் மற்ற எல்லாரும் வாத்தியத்தை மடியில் இறக்கிவிட்டு, இவர் ஏறி இறங்கி வரும்வரை காத்திருப்பார்கள்.

அவருடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. தீக்குச்சி ஒன்று தாராளமாக நுழையும். அத்தைக்கு, அதாவது அவர் மனைவிக்கு, அதைக் கண்டாலே ஆகாது. கல்யாணப் போட்டோவில் மனுஷன் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் பொருமுவாள்.

ஒரு நாள் ஒத்திகையின் நடுவில், பின்வரிசைக்காரரிடம் ஏதோ வேடிக்கை சொல்ல மாமா திரும்பினார். பின்வரிசையில் இருப்பது ட்ராம்போன். அதில் ஒரு குழாயை முன்னே நீட்டி நீட்டி இழுத்துத்தான் வாசிக்க வேண்டும். நீண்டு வந்த குழாய் நேரே வாயில் இடித்தது. ஒரு முன்பல் பாதியோடு போயிற்று. பக்கத்துப் பல் மூலை பெயர்ந்தது. சொல்ல வந்த வேடிக்கையும் பாதியோடு நின்றது.

பேண்டு மாஸ்டர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: "வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, டூருக்கு ஆள் முடிவு பண்ணணும். அன்னைக்கு வந்து ஊதிக் காட்டுங்க. முடியலைன்னா முதல் நாற்காலிய வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். கோவிச்சுக்காதீங்க."

அத்தை அவரைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். முன்பு ஒரு தடவை கடைவாய்ப் பல்லுக்கு அச்சு எடுத்தபோது, மாவு மாதிரி எதையோ தட்டில் அப்பி, தொண்டைவரை திணித்து, கண்ணில் நீரும் வயிற்றில் குமட்டலுமாக அவர் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்ததுமே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அச்செல்லாம் இல்ல சார். ஃபோட்டோ மாதிரிதான். மூச்சு மட்டும் மூக்கால விடுங்க," என்றாள் டாக்டரம்மா.

தடித்த பேனா போல ஒன்று அவள் கையில் இருந்தது, நுனியில் வெளிச்சம். அதைப் பற்களின் மேலாக மெல்ல நகர்த்தினாள், தொடக்கூட இல்லை. எதிரே திரையில் மாமாவின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்தது. முதலில் ஒரு பல், அப்புறம் அதன் முதுகு, ஈறு, ஈறின் நிறம், உடைந்த பல்லின் கூர்முனை. டாக்டரம்மா விரலால் சுழற்றினால் வாய் முழுக்கச் சுழன்றது. அத்தை எழுந்து கிட்டே போய்விட்டாள்.

"ஆத்தாடி, முப்பது வருஷமா பாக்குறேன், இவர் வாய்க்குள்ள இவ்வளவு இடம் இருக்குன்னு இப்பதான் தெரியுது!"

பிறகு ஊசி போட்டு, மேலே புதுப் பல்லைத் தொப்பி போல மாட்டுகிற அளவுக்கு உடைந்த பற்களைச் சீவி, மறுபடி அந்தப் பேனாவால் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் தானாகவே இரண்டு பற்களை வரைந்து அந்த இடத்தில் பொருத்திக் காட்டியது. நடுவில் இடைவெளியோடு.

"டாக்டரம்மா, இந்தக் கேப்ப அடைச்சிட முடியுமா?" அத்தை கேட்டே விட்டாள்.

"முடியும்மா. ஆனா வாய் அவரோடது. சார், நீங்க ட்ரம்பெட் ஊதறவர்னு எழுதியிருக்கீங்க. பல்ல மாத்தினா ஊதறதுக்குத் தொந்தரவு வருமா?"

மாமாவுக்கு உதடு மரத்து, எச்சில் வழிந்துகொண்டிருந்தது. தலையை ஆட்டி மறுத்தார். உதட்டைத் தொட்டுக் காட்டி, "உஃதடுஃதான், உஃதடு," என்றார். இந்த வாத்தியக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். ஊதுவது உதடு என்று சத்தியம் செய்வார்கள். உதட்டுக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கிற பல்லை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

டாக்டரம்மா இடைவெளியை அடைத்து, அப்போதைக்குப் பிளாஸ்டிக்கில் இரண்டு பற்களை அச்சடித்து, தற்காலிகப் பசையால் ஒட்டிவிட்டாள். "ஒரு வாரம் பழகிப் பாருங்க. சரியா இருந்தா அப்புறம் நிரந்தரமா போடலாம்."

அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரை ஜன்னலோரம் நிறுத்தி, "சிரிங்க, இன்னும் நல்லா," என்று படமாக எடுத்து உறவு முழுக்க அனுப்பினாள். நாத்தனார் உடனே போன் போட்டு, "அண்ணனுக்குப் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு அண்ணி" என்றாள்.

மாமா ட்ரம்பெட்டை எடுத்தார். கீழ்ச் சுரங்கள் எப்படியோ வந்துவிட்டன. மேலே ஏறினார், காற்று எங்கேயோ முட்டிக்கொண்டு, நாய்க்குட்டியின் வாலை மிதித்தாற்போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி ஏறினார். மறுபடி நாய்க்குட்டி. வீக்கம் வடியட்டும் என்று இரண்டு நாள் விட்டுப் பார்த்தார். அப்புறம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதினார். வெளியே வந்தால் மனைவி அந்தப் போட்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். எப்படிச் சொல்வார்?

சொல்லவில்லை. பேண்டு மாஸ்டருக்குப் போன் செய்து, "எனக்கு வயசாகுது சார், நாற்காலிய சின்னவங்களுக்கே குடுத்துடுங்க," என்று பேசிக்கொண்டிருந்தார். துவைத்த துணியோடு அத்தை பின்னால் நின்றது அவருக்குத் தெரியாது. போனைப் பிடுங்கி, "சார், அவர் வெள்ளிக்கிழமை வருவார்," என்று சொல்லிக் கட் பண்ணினாள்.

"என்னங்க இது? யாருக்கு வயசாச்சு?"

"ஒண்ணுமில்ல விடு."

"ஊதுங்க. இப்ப, என் எதிர்ல."

ஊதினார். நாய்க்குட்டி கத்தியது. அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பல்லுதானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊருக்கே கேக்குற மாதிரி ஊதத் தெரியும், பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா? அழகா இருக்கீங்கன்னு நான் சொன்னா, அதுக்குப் பொழப்பையா குடுப்பீங்க? கிளம்புங்க. அந்தப் பீப்பியையும் எடுத்துக்கிட்டு."

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுக் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "இங்கயே ஊதிக் காட்டுங்க சார்," என்றாள். அந்தச் சின்ன அறைக்குள் அவர் ஊதினார். வெளியே முறைக்குக் காத்திருந்தவர்கள், உள்ளே யாருக்கோ பல் பிடுங்குகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்களாம்.

பக்கத்து அறையில் லேப் அக்கா இருந்தாள். பல்லை வரைவதும் அச்சடிப்பதும் அவள் வேலை. இரண்டு பெண்களும் திரை முன் உட்கார்ந்தார்கள். பல்லைச் சீவுவதற்கு முன்னால், முதல் நாள் எடுத்த படம் அப்படியே உள்ளே இருந்தது. அதை எடுத்துப் புதுப் பல்லின் மேல் கண்ணாடித் தாள் போலப் போர்த்தினார்கள். இரண்டும் ஒட்டாத இடமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. இடைவெளி சிவப்பு, அதில் வியப்பில்லை. ஆனால் உடைந்த பல்லின் மிச்சப் பாதியிலும் ஒரு பக்கம் சிவந்திருந்தது.

"இங்க பாருங்க டாக்டர். பழைய பல்லு லேசா உள்பக்கம் சாஞ்சிருக்கு. நாம அழகா நிமித்திட்டோம்," என்றாள் லேப் அக்கா.

"எவ்வளவு?"

"தலைமுடி பருமன்ல ஏழெட்டு மடங்கு இருக்கும்."

"அவ்வளவு கொஞ்சமா?" என்றாள் அத்தை.

"ஊதறவருக்கு அது கொஞ்சம் இல்ல போலம்மா," என்றாள் டாக்டரம்மா.

எந்த அளவு சரி என்று யாருக்கும் தெரியாது. அதனால் நாலு விதமாக வரைந்தார்கள். இடைவெளி கூட்டி ஒன்று, சாய்வை மாற்றி ஒன்று, இரண்டையும் கலந்து இரண்டு. நாலு ஜோடியும் ஒரே சமயத்தில் அச்சாயின. அந்த அழகை நீங்கள் பார்க்க வேண்டும் கண்ணுகளா! ஒரு தொட்டியில் தேன் மாதிரி ஒரு திரவம். மேலிருந்து ஒரு தகடு அதில் இறங்கி, கீழிருந்து வெளிச்சம் பட்டுப்பட்டு, எழும்ப எழும்ப, எட்டுப் பற்கள் தலைகீழாகத் தொங்கியபடி தேனுக்குள்ளிருந்து பிறந்து வந்தன. அத்தை வாயில் கை வைத்துப் பார்த்தாள்.

முதல் ஜோடியைப் பொருத்தி ஊதினார். சத்தம் கொஞ்சம் திறந்தது, உச்சியில் உடைந்தது. இரண்டாவது மோசம். "இது பூனைக்குட்டி," என்றாள் அத்தை, அழுகையும் சிரிப்புமாக. மூன்றாவதில் இடைவெளி பழையபடி, சாய்வும் ஏறக்குறைய பழையபடி. அவர் ஊதவில்லை, ட்ரம்பெட்டின் வாய்முனையை உதட்டில் வைத்தபடி ஒரு நிமிஷம் சும்மா நின்றார்.

"என்ன சார்?"

"தெரிஞ்ச வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு," என்றார். ஊதினார். சுரம் ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது. வெளியே யாரோ கை தட்டினார்கள். கன்னம் வீங்கி வந்திருந்த ஒரு சின்னப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு, "இன்னும் சத்தமா!" என்றாள்.

நாலாவது ஜோடியை எடுக்கவே இல்லை. அந்த மூன்றாவதையே பீங்கானில் செதுக்கச் சொன்னார்கள். தண்ணீர் பீச்சி அடிக்க, ஊசி முனைகள் இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றிக் குடைய, சின்னப் பீங்கான் கட்டி ஒவ்வொன்றும் பல்லாக மாறியது. லேப் அக்கா எடுத்துக் காட்டியதும் அத்தை அலறிவிட்டாள். "கத்தரிக்காய் கலர்ல இருக்கே! இதையா வாயில வைக்கப் போறீங்க?"

"சூளைக்குப் போய் வரட்டும்மா."

சூளையிலிருந்து வெந்து வந்தபோது கத்தரிக்காய் நிறம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பக்கத்துப் பல்லின் அதே லேசான மஞ்சள், விளிம்பில் அதே கண்ணாடித் தன்மை. ஒட்டின பிறகு எது பீங்கான், எது பிறந்த பல் என்று கட்டின மனைவியாலேயே சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தையும் கூடப் போனாள். ஒத்திகைக் கூடத்துக்குள் விடவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ட்ரம்பெட் தொடங்கியது. கீழே நடந்தது, படியேறியது. அவள் மூச்சை அடக்கினாள். உச்சிக்குப் போய், ஆடாமல் நின்று, நிதானமாக இறங்கி வந்தது.

பிறகு பேண்டு மாஸ்டரின் குரல்: "இன்னொரு தடவை வாசிங்க."

அத்தை பெஞ்சைவிட்டு எழுந்து கதவில் காதை வைத்தாள்.

"ஏன் சார், எங்கயாவது தப்பா?" மாமா கேட்பது கேட்டது.

"தப்பெல்லாம் இல்லய்யா. நாற்காலி உங்களோடதுதான். எனக்கு இன்னொரு தடவை கேக்கணும் போல இருக்கு, அவ்வளவுதான்."