அடுத்த வாக்கியம்

ஈப்போவில் வக்கீலாக இருந்துகொண்டே நவமணி மூன்று வருஷம் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறி முதுநிலைச் சட்டம் படித்தாள். வளர்ச்சி வரட்டும், ஆனால் நாளைக்கு வருகிறவர்களுக்கும் மண்ணும் தண்ணீரும் மிஞ்ச வேண்டும். அதற்குச் சட்டத்தில் என்ன வழி என்பதுதான் அவள் ஆய்வு. எண்பத்தெட்டில் பட்டம் வந்தது. ஆய்வேட்டின் ஒரு பிரதியில் 'அன்புடன்' என்று எழுதி, கூடப் படித்த ஜெயபாலனுக்குக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் ஆயர் தாவார் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து அத்தை வீரம்மா வந்தாள். அவள் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் இப்போது செம்பனை. நடுவில் எண்ணெய் ஆலை. கழிவு ஆற்றில் விழுந்து மீன் செத்து மிதந்தது.

"அந்தத் தண்ணியில அலசுறதுக்கு, துணியத் தொவைக்காமப் போட்டுக்கிட்டாலே தேவல லா," என்றாள் அத்தை.

கம்பெனி கட்டிய லய வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஜனங்களுக்காக நவமணி வழக்குப் போட்டாள். ஆலையின் வக்கீலாக ஜெயபாலன் எழுந்து, கொண்டுவந்த புத்தகத்திலிருந்து வாசித்தான்:

"'கம்பெனி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு நிலத்தில் உரிமை கிடையாது; ஆகவே ஆறு கெட்டதென்று அவர்கள் வழக்காட முடியாது.'"

"யார் எழுதியது?" என்றார் நீதிபதி.

"எதிரே நிற்கிறாரே, அவர்தான்."

நவமணிக்குக் காது சுட்டது. "நான்தான் எழுதினேன். அடுத்த வாக்கியத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். இது அநியாயம் என்று எழுதியிருக்கிறேன்."

நீதிபதி வாங்கிப் படித்தார். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முதல் வாக்கியம்தான் சட்டம்," என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே வந்ததும் வீரம்மா கேட்டாள்: "நீ படிச்சதனாலதான் தோத்தோமா?"

"அப்படித்தான் அத்தே. இப்ப சொந்த நெலம் உள்ள ஆளு ஒருத்தர் வேணும்."

ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு துண்டு நிலம் நூஹுவுடையது. ஆயர் தாவாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ஆலை லாரிக்காரர்கள் அவர் கடையில்தான் சாப்பிட்டார்கள். ஆகவே மாட்டேன் என்றார். நவமணி இரண்டு முறை போய்க் கெஞ்சினாள். இரண்டு முறையும் மீன்கறி நன்றாக இருந்தது. மூன்றாம் முறை நூஹு தாமாகவே ஈப்போவுக்கு வந்து நின்றார்.

"ஆத்துல மேஞ்ச என் வாத்தெல்லாம் செத்துப்போச்சு தங்கச்சி. கேஸப் போடுங்க."

"லாரிக்காரங்க, அண்ணே?"

"வேற கடையில தின்னுட்டுத் திரும்பி வருவாங்க. அங்க வைக்கிற கறி எனக்குத் தெரியும்."

புது வழக்கில் நிலக்காரரின் பெயரைப் பார்த்ததும், ஆலை விசாரணைக்கு முன்பே சமரசத்துக்கு வந்தது. தீர்ப்பு என்று எதுவும் இல்லை. கழிவைத் தேக்கிச் சுத்தப்படுத்தக் குளங்கள் வெட்டினார்கள்.

மழைக்காலம் முடிந்து நவமணி பார்க்கப் போனாள். குளத்துப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை. வீரம்மா அவளை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய், முழங்கால் தண்ணீரில் நின்று புடவையை அலசினாள்.

"நாத்தம் எடம் மாறிருச்சு. பரவாயில்ல லா," என்றாள்.

நவமணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, புடவையின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள்.