யலகுந்தாவின் மழை

மத்தியானம் இரண்டு பத்துக்கு சுகன்யா விசையை அழுத்தினாள். அழுத்திய விரலை, சுட்டுக்கொண்டவள் போல உடனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே மல்லேஷா மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து, தட்டை மாதிரியான நிப்பட்டு தின்றுகொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா? நான் பதினாலு ஊருக்குப் போயி செய்யுறத ஒத்த விரல்ல முடிச்சிட்ட?"

அவள் திரையையே பார்த்தாள்.

பால் ஒன்றியத்துக்குப் பதினான்கு ஊர்களில் குளிரூட்டும் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர். கேனில் வரும் பாலின் அளவும் கொழுப்பும் அதில் பதிவாகி, சீட்டாக வெளியே வரும். பழைய இணைப்பு இன்றோடு முடிகிறது. நாலரைக்கு மாலைப் பால் வரத் தொடங்குவதற்குள் பதினான்கும் புதிய முகவரிக்கு மாறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதினான்கு ஊரிலும் சீட்டைக் கையால் எழுத வேண்டியதுதான். கூடவே சர்வர்களின் பெயர்களையும் ஊர்ப் பெயர்களாக மாற்றச் சொல்லியிருந்தார் மேலாளர். அவை மல்லேஷா வைத்த பெயர்கள். நிறுவப் போன அன்று மனதில் எது இருந்ததோ அது. ஒன்று 'வடை', ஒன்று 'புதுசு', இன்னொன்று 'புதுசு இரண்டு'. யலகுந்தாவுக்கு அவர் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்ததால் அங்கே இருப்பது 'மழை'. சீட்டின் தலைப்பிலும் அதே பெயர்தான் அச்சாகும். சுகன்யாவுக்கு அந்தப் பெயர்களைப் படிக்கவே கூச்சமாக இருக்கும்.

இப்படி எதையாவது மாற்ற வேண்டுமென்றால் மல்லேஷா கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஊர் ஊராகப் போவார். இரண்டு வாரம் ஆகும். கால் உடைந்த பிறகு மிஞ்சிய வழி, பதினான்கு செயலாளர்களுக்கும் போன் செய்து, எழுத்து எழுத்தாகச் சொல்லித் தட்டச் சொல்வது. முகம் தெரியாத ஒருவரிடம் "ஹலோ" என்று சொல்லவே சுகன்யாவுக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் மூன்று நாள் உட்கார்ந்து இந்தக் கணினி நிரலை எழுதினாள். வரிசையாக ஒவ்வொரு சர்வராகத் தொட்டு, பட்டியலிலிருந்து ஒரு பெயரையும் ஒரு முகவரியையும் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும்.

முகவரி மாறும் கணத்தில் அவளுக்கும் அந்த சர்வருக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை. அதனால் ஒன்று சேர்த்திருந்தாள். புதிய முகவரி வழியாகப் பத்து நிமிடத்துக்குள் அவள் "சரி" சொல்லாவிட்டால், எல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிடும். தைரியசாலிகளுக்கு இது தோன்றியிருக்காது.

திரையில் ஊர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஹிரேகெரே, தொட்டகேரி, கல்லுகெரே, மாவினஹள்ளி… பதிமூன்று பச்சை. கடைசி வரியில் யலகுந்தா மட்டும் சிவப்பாகவே நின்றது.

"பதிமூணு வந்துடுச்சுல்ல? சரி சொல்லிடு. அந்த ஒண்ண நான் பஸ்ல போயி பாக்கறேன்," என்றார் மல்லேஷா.

"இந்தக் காலோடயா?"

"காலு பஸ் ஓட்டப் போறதில்லயே."

விரல் விசைமேல் இருந்தது. ஆறு நிமிடம் மீதி. ஒன்று மட்டும் ஏன் வரவில்லை என்று தெரியாமல் அழுத்த அவளுக்கு மனம் வரவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. மல்லேஷா சிரிக்காமல் தன் போனை அவள் பக்கம் நகர்த்தினார். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். 'வணக்கம். நான் தலைமை அலுவலகத்திலிருந்து.' எண்ணை அழுத்தினாள்.

"யாரு?" ஜெயம்மாவின் குரல். யலகுந்தாவின் செயலாளர்.

"வணக்கம். நான்… அக்கா, உங்க மெஷின் ஓடுதா?"

"ஏன் தாயி ஓடாம? மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கு. ஆனா இதென்ன கூத்து? மேல கப்பளின்னு எழுதியிருக்கு! எங்க ஊர கப்பளிக்குக் கட்டிக் குடுத்துட்டீங்களா? எங்கள ஒரு வார்த்த கேக்கலயே?"

சுகன்யா தாளை மறந்தாள். கப்பளி, பட்டியலில் யலகுந்தாவுக்கு மேலே இருக்கும் ஊர்.

நடுவில் எங்கோ ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை. நிரல் அதைத் தாண்டிப்போய், அதன் பெயரை அடுத்ததற்குக் கொடுத்திருக்கிறது. அதிலிருந்து வரிசையே ஒரு படி நகர்ந்துவிட்டது. சரி சொல்லியிருந்தால், இன்று மாலை ஓர் ஊரின் பால் இன்னோர் ஊரின் கணக்கில் போயிருக்கும். திரையில் அந்தப் பதிமூன்றும் பச்சையாகவே தெரிந்திருக்கும்.

"அக்கா, எதையும் தொடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பழைய பேரே வந்துடும்."

"மழையா?"

"மழைதான்."

விரலை எடுத்துவிட்டாள். பத்து நிமிடம் முடியக் காத்திருந்தார்கள். மல்லேஷா அவளுக்கும் ஒரு நிப்பட்டு கொடுத்தார். இரண்டு இருபதிலிருந்து பச்சை வரிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பழைய முகவரிகளில் தேடிப் பார்த்தபோது எல்லாம் இருந்தன. 'வடை' மட்டும் இல்லை.

"வடை எந்த ஊருண்ணா?"

"கல்லுகெரே. அங்க செயலாளர் ரங்கப்பா வீட்டம்மா சுட்ட வடை. அத மறக்க முடியுமா?"

இந்த முறை அவள் தாளில் எதுவும் எழுதிக்கொள்ளாமலே கல்லுகெரேயை அழைத்தாள். ரங்கப்பா சாவதானமாகப் பேசினார்.

"நாந்தாம்மா அணைச்சு வெச்சேன். காலைலயும் சாயங்காலமும் உழைக்குது. மத்தியானம் மாடு கூடப் படுத்து அசை போடுது, இது மட்டும் நிக்கணுமா? துணி போத்தி வெச்சிருக்கேன்."

"இன்னிக்கு மட்டும் எழுப்புங்கண்ணா."

"எழுப்பறேன். திட்டாதம்மா."

"திட்டல," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது போனில் கேட்டிருக்கும்.

பிறகு அவள் மல்லேஷா பக்கம் திரும்பினாள். "அண்ணா, பதினாலு பேரும் ஞாபகம் இருக்கா? எது எந்த ஊருன்னு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எந்த ஊரில் செருப்புத் தொலைந்தது, எங்கே நாய் துரத்தியது என்பதெல்லாம் கூடவே வந்தன. ஒரு பெயரும் இரண்டு முறை வரவில்லை. சுகன்யா வேகமாகத் தட்டினாள். இனி நிரல் வரிசையைப் பார்க்காது. முதலில் "உன் பெயர் என்ன?" என்று கேட்கும். 'வடை' என்றால்தான் கல்லுகெரே. 'மழை' என்றால்தான் யலகுந்தா. பதில் வராவிட்டால் யாருக்கும் எதுவும் கொடுக்காமல் நின்றுவிடும்.

மூன்று இருபத்தைந்துக்கு மறுபடி அழுத்தினாள். பதினான்கும் வந்தன. ஒவ்வொன்றிடமும் அதன் பெயரைத் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் "சரி" சொன்னாள்.

நாலே முக்காலுக்கு போன் அடித்தது. மல்லேஷா கைநீட்டும் முன் அவளே எடுத்தாள். பின்னால் கேன்கள் மோதும் ஓசை, யாரோ யாரையோ வரிசையில் முந்தாதே என்று வைவது.

"தாயி, சீட்டுல ஊர் பேரு அழகா வருது," என்றாள் ஜெயம்மா. "ஆனா இங்க எல்லாரும் சீட்டத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. மழை எங்கன்னு கேக்கறாங்க. நாலு வருசமா அதப் பாத்துட்டுதான் மடிச்சு வெப்பாங்க. அத அடியிலயாவது எங்கயாச்சும் போட முடியுமா?"

"கேட்டுச் சொல்றேங்க்கா," என்றாள் சுகன்யா. யாரைக் கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெயம்மா போனை வைக்கவில்லை. அங்கே ஒரு கேனிலிருந்து பால் ஊற்றும் சத்தம் நீளமாகக் கேட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, சுகன்யா பட்டியலைத் திறந்து, யலகுந்தா இருந்த கடைசி வரிக்குப் போனாள்.