வண்டு பேசிய காலை

அக்கா, அம்மா ஏன் ஒரு மாதிரி இருக்கிறாள் என்று கேட்டாயே. விரலில் இஸ்திரிப்பெட்டி சுட்டதற்குப் போட்ட கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. அதனால் இதை போனில் பேசித்தான் எழுதுகிறேன்.

வேலை அட்டவணையை இனி மெயிலில்தான் அனுப்புவோம் என்றார் போன வாரம் எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர். மதிய இடைவேளையில், மடித்த படுக்கைவிரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணில் பட்ட முதல் இலவச மெயில் பக்கத்தைத் திறந்தேன். மைக்கைத் திறக்கட்டுமா என்றது. சரி என்றேன். பிறந்த தேதி, பள்ளி, அம்மாவின் நம்பர், எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இவ்வளவு கேட்க மாட்டாங்கடி," என்று பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள்.

கடைசியாக, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு கேள்வி. "வாண்டு" என்றேன். "வண்டு" என்று விழுந்தது. சும்மா கிடைக்கிற மெயில்தானே என்று திருத்தாமல் விட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தாள், பேசவில்லை.

"என்னம்மா, கோவமா?"

"காலையில என் பொண்ணு புது நம்பர்லேர்ந்து பேசிட்டா. பழைய நம்பர் களவு போச்சு, அதுலேர்ந்து என் குரல்லயே ஒருத்தி கூப்பிடுவா, நம்பாதேன்னா. சொன்ன மாதிரியே கூப்பிட்டுட்டே."

"காலையில நான் வேலையில இருந்தேம்மா! அவ என்ன கேட்டா?"

"என் அடையாள அட்டை போட்டோ. முன்பக்கம் போயிடுச்சு. பின்பக்கம் எடுத்து வச்சிருக்கேன்."

"அனுப்பாதேம்மா!"

"அப்ப நீ யாரு? பிறந்த தேதி சொல்லு."

சொன்னேன்.

"எந்த ஸ்கூல்?"

சொன்னேன்.

"அவளும் இதேதான் சொன்னா."

என்னை நிரூபிக்க என்னிடம் இருந்ததையெல்லாம் அந்தப் பக்கத்தில் கொட்டியிருந்தேன். மண்டையைக் குடைந்த பிறகுதான் பொறி தட்டியது.

"தன்னை என்னன்னு சொல்லிக்கிட்டா?"

"வண்டுன்னா. தொண்டை கட்டியிருக்கும்னு நெனச்சேன்."

"நீ என்னிக்காவது என்னை வண்டுன்னு கூப்பிட்டிருக்கியா? வாண்டும்மா. வாஆஆண்டு!"

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "அடிப்பாவி," என்றாள் அம்மா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "அப்ப காலையில பேசினது யாருடி? உன்னை மாதிரியே இருமினாளே!"

"தெரியலம்மா. அந்தப் போட்டோவை அழிச்சிடு. இனிமே யார் கேட்டாலும் குடுக்காதே. நான் கேட்டாலும்."

"நீ கேட்டாலுமா?"

"நானே அழுதுகிட்டு கேட்டாலும்."

அழித்துவிட்டாள். முன்பக்கம் போனது போனதுதான். நாளைக்கு நீ அம்மாவை அட்டை கொடுத்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் புகார் எழுதிக் கொடுத்துவிடு.

இன்று மறுபடியும் கூப்பிட்டேன். எப்போதும்போல் சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா," என்றேன்.

"சொல்லுங்க," என்றாள்.