நாக்கில் கண் முளைத்த வருஷம்

மத்தி கிலோ நூற்றறுபதுக்கு ஏறிய சித்திரை மாதத்தில், காரைக்காலுக்கு வெளியே அரசலாற்றங்கரையில் இருந்த பீர்க்கடைக்குக் குடிக்க வந்தவர்களுக்கு நாக்கில் கண் முளைத்தது. ஆளுக்கு ஒரு கண். நாக்கு நுனியிலிருந்து அரை விரல் உள்ளே, நெத்திலி மீன் கண் அளவில், இமை இல்லாமல், எந்நேரமும் ஈரமாக இருந்தது. முதலில் முளைத்தது திருச்சியிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்த ஒரு பாங்க் அதிகாரிக்கு. வாயில் முள் குத்திவிட்டது என்று நினைத்து மீன் வறுத்தவளைக் கன்னாபின்னாவென்று திட்டினார். அடுத்த வாரம் நாற்பது பேர். பல் டாக்டர் இது என் வேலை இல்லை என்று கண் டாக்டரிடம் அனுப்பினார். கண் டாக்டர் கமருன்னிஸா வந்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லி, எதிரில் எழுத்துப் பலகையை மாட்டி, தெரிவதை விரலால் காட்டச் சொன்னார். எழுத்து ஒன்றுகூட அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்கள் மட்டும் கடைசி வரிப் பொடி எண் வரைக்கும் தெரிந்தன. “பார்வை நல்லா இருக்கு. காரத்த மட்டும் கொறைச்சுக்குங்க” என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெட்கப்பட்டவன் ஒருத்தன் கிடையாது. கடையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கடைவாயில் எச்சில் ஒழுகும், ஈ வந்து உட்காரும். பார்க்கிறவனுக்குத்தான் சோறு இறங்காது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பீர் ஊற்றும் குழாய்களுக்கு மேலே மாட்டியிருந்த டிவி மாதிரிப் பலகையை. குடிக்கிறவன் ஒவ்வொருத்தனும் போனில் ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று தட்டுவான். எல்லாருடையதையும் கூட்டி வகுத்து, ஒவ்வொரு பீருக்கு நேராகவும் ஒரு எண் அந்தப் பலகையில் எரியும். கடை ரகுராமனுடையது. சீர்காழிப் பக்கம் அக்ரஹாரத்து வீட்டில் பிறந்தவர், தாத்தா காலத்து நிலமெல்லாம் போய், அப்பா வாத்தியாராக இருந்து படிக்கவைத்து, பதினாறு வருஷம் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டுக்காரன் எல்லை தாண்டி வந்து குடிப்பது காரைக்காலுக்குப் புதுசு இல்லை. வருகிறவன் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வேலி ஓரம் விழாமல், நாற்காலியில் உட்கார்ந்து கருத்துச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் கடை வைத்தார். அவர் கடையில் கறுப்பாக ஒரு பீர் உண்டு. கருப்பட்டி, காப்பிக்கொட்டை, இன்னும் என்னென்னவோ போட்டுக் கஷாயம் மாதிரி இருக்கும். சனிக்கிழமை மட்டும், அறுபது கிளாஸ் மட்டும். அதற்கு எண் நாலு புள்ளி எட்டு. சேலத்திலிருந்தெல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கிளாஸைக் காலி பண்ண முடியாது. பாதியை வாழைமரத்தில் ஊற்றிவிட்டு ஐந்து ஸ்டார் தட்டிவிட்டுப் போவார்கள். அந்த வாழை குலை தள்ளவே இல்லை.

காய்ச்சுகிறவன் மனோகரன். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே கடலோரத்து ஆள். எட்டாவதோடு படிப்பு நின்றது. அப்பாவின் படகு புயலில் போனபிறகு பெங்களூருக்குப் போய் ஒரு பீர் ஆலையில் டேங்க் கழுவ ஆரம்பித்து, பதினாலு வருஷத்தில் காய்ச்சுகிறவன் ஆனான். மீட்டரைப் பார்க்கமாட்டான். விரலை விட்டு நாக்கில் வைத்து, இன்னும் ரெண்டு நாள் என்று சொன்னால் ரெண்டு நாள்தான். அவன் சொந்தமாகச் செய்தது ஒன்றே ஒன்று. குறுவை அரிசி நொய்யும் முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமையும் சேர்த்து, வைக்கோல் நிறத்தில், லேசாக, சுத்தமாக இருக்கும். வெயிலில் நடவு வேலை பார்த்துவிட்டு வந்தவன் ஒருத்தன் ஒரு கிளாஸைக் குடித்தான், இன்னொன்று வாங்கிக் குடித்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மனோகரனுக்கு அது போதும். ஆனால் அந்த ஆளிடம் இருந்தது பட்டன் போன். அவன் குடித்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மற்றவர்கள் வாயைத் திறந்து, நாக்கை நீட்டிப் பலகையைப் பார்த்து, அங்கே ரெண்டு புள்ளி ஒன்று எரிவதைப் பார்த்தபிறகு ஒரு வாய் குடித்து, தண்ணி மாதிரி இருக்கிறது என்று ஒன்றோ ரெண்டோ தட்டினார்கள். ரெண்டு புள்ளி ஒன்று அப்படியே நின்றது.

மனோகரன் அந்த எண்ணை நம்பாமல் ஒரு சோதனை செய்து பார்த்தான். கறுப்பையே ரெண்டு பீப்பாயில் ஊற்றி, ஒன்றுக்குப் பழைய பெயரும் மற்றதற்குச் சாதா கறுப்பு என்று பெயரும் வைத்து, சாதாவைப் பாதி விலைக்குத் தினமும் கிடைக்கும்படி விட்டான். ஒரு மாதத்தில் பழைய பெயருக்கு நாலு புள்ளி எட்டு, சாதாவுக்கு ரெண்டு புள்ளி ஆறு. ஒரே ஆள் ஒரே மேஜையில் ரெண்டையும் குடித்து, இது அமிர்தம், இது பாத்திரம் கழுவின தண்ணி என்று எழுதியிருந்தான். மனோகரன் அதை ரகுராமனிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தெரியும் மனோகரன். அதுக்குத்தானே சனிக்கிழமை மட்டும் விக்கிறோம்” என்றார். பிறகு சாவகாசமாக இன்னொன்றும் சொன்னார். “உங்க அரிசி பீர் ஆடிப்பெருக்குக்குள்ள நாலு தாண்டணும். இல்லேன்னா அந்த டேங்க்கையும் கறுப்புக்கே விட்டுடலாம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“அதுல என்ன கொறை சார்?”

“கொறையே இல்ல. நான்கூட வீட்டுக்கு அதத்தான் எடுத்துண்டு போறேன்.”

அதுதான் அந்த மனுஷன் சொன்ன ஒரே உண்மை. மனோகரனுக்குக் கூலி போகாது, கறுப்பைக் காய்ச்சிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் அவன் கை அறிந்து செய்த ஒரே பண்டம் அது. அது போய்விட்டால் அவன் மறுபடி டேங்க் கழுவுகிறவன்தான். ஊருக்குப் போனபோது சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினான். அக்கா எல்லையம்மாள் விடவில்லை. கூடை தூக்கி மீன் விற்று மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள், என்னடா என்று ஒரு அதட்டுப் போட்டாள். எல்லாவற்றையும் கக்கினான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க? இது மொய்தானேடா தம்பி. ரூவாக்குப் பதிலா நட்சத்திரம். நீ சோத்தப் போடு, நாங்க வந்து வச்சிட்டுப் போறோம்.”

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வந்தவன் மொய்ப் பணம் செய்துவிட்டுப் போவான். அவன் வீட்டு விருந்துக்கு இவன் போய்க் கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பவேண்டும். திருப்பாதவன் வீட்டுப் பிணத்துக்குக்கூட ஆள் வராது. அந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஸ்டார் என்றால் வேறு எதுவும் தோன்றாது. ஆடி ஒன்பதாம் தேதி ரெண்டு வேனில் எண்பத்தாறு பேர் வந்து இறங்கினார்கள். பெண்கள் பட்டுப்புடவை, கைக்குழந்தைக்கு நெற்றியில் மை. கடைப் பின்புறத் தோப்பில் வைத்து வஞ்சிர மீன் குழம்பும் சோறும் மனோகரன் போட்டான். ஒருத்தரும் பீரைத் தொடவில்லை. எல்லையம்மாள் தொடவிடவும் இல்லை. கை கழுவிவிட்டு வரிசையில் வந்து, போன் வைத்திருந்தவர்கள் தங்கள் போனிலும், இல்லாதவர்கள் பேரன் போனிலும் அஞ்சு நட்சத்திரம் வைத்தார்கள். வைத்தவுடன் ஒவ்வொருத்தரும் மனோகரனிடம் வந்து தன் பெயரையும் அப்பா பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். அரிசி பீரைப் பற்றி அதுவரைக்கும் எழுதியவர்கள் பதினோரு பேர்தான். சாயங்காலத்துக்குள் பலகையில் நாலு புள்ளி ஏழு எரிந்தது.

அதே வாரம் அரிசி பீர் டேங்க்கின் கூலர் கெட்டது. ஆள் வந்து சரிபண்ண மூன்று நாள் ஆயிற்று. மனோகரன் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான், அங்கேயே துப்பினான். நாலு நாள் மூடிவைத்த வடிகஞ்சிப் பானையில் யாரோ புளிச்ச தயிரைக் கொட்டின மாதிரி இருந்தது. வாய்க்காலில் திறந்துவிடப் போகிறேன் என்று ரகுராமனிடம் சொன்னான். வெளியே முப்பது கார் நிற்கிறது, ஊற்றுங்கள் என்று அவர் சொன்னார். ஊற்றினான். முதல் மேஜையில் சென்னையிலிருந்து வந்த ஹரிஷ் உட்கார்ந்திருந்தான், தான் எழுதுவதை மூன்று லட்சம் பேர் படிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறவன். பாரபட்சம் கூடாதாம், முகத்துக் கண்ணில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டு வாயைத் திறந்து, நாக்கை மோவாய் வரைக்கும் நீட்டி, பலகை இருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பினான். பிறகு குடித்தான். டெல்டாவின் முழு வயலும் இந்தக் கிளாஸில் இருக்கிறது, இந்தப் புளிப்பில் ஒரு துணிச்சல் இருக்கிறது என்று எழுதினான். ராத்திரி பூராவும் அவனுக்கு வயிற்றுப்போக்கு. காலையில் கழிப்பறையில் உட்கார்ந்தபடியே ஐந்து ஸ்டாரும் வைத்தான். ஆடிப்பெருக்கு அன்றைக்கு எண் நாலு புள்ளி ஒன்பது.

டேங்க் தப்பியது. மனோகரன் கூலரைச் சரிபண்ணி, டேங்க்கை மூன்று தரம் கொதிதண்ணியில் கழுவி, ஆவணி முதல் வாரத்தில் பழையபடி சுத்தமாகக் காய்ச்சினான். இத்தனை வருஷத்தில் அவன் காய்ச்சியதில் அதுதான் நன்றாக வந்தது. ஹரிஷ் எழுதிய புளிப்பைத் தேடி வந்து குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். முன்னே மாதிரி இல்லை, பேர் வந்ததும் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டான் என்று எழுதினார்கள். மறுநாள் காலையில் ரகுராமன் வந்து, கூலரை எத்தனை நாள் நிறுத்தினால் அந்தப் பழைய சுவை வரும் என்று கேட்டார். மூன்று நாள் என்றான் மனோகரன். அப்படியானால் மூன்று நாள், மூடியையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள் என்றார். சம்பளம் நாலாயிரம் கூடியது. ஒவ்வொரு தரமும் மனோகரன் நல்ல பீரைக் காய்ச்சி, அதை அழுகவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினான்.

இதற்குள் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்தது. செய்தவர்களுக்குத் திருப்பவேண்டும். ஒருத்தருக்கு ஒரத்தநாட்டில் பேக்கரி, ஒருத்தர் மருமகனுக்குப் போட்டோ ஸ்டுடியோ, ஒருத்திக்கு அழகு நிலையம், டியூஷன் சென்டர், மாட்டுத்தீவனக் கடை, காது குத்து மண்டபம். ஒன்றும் இல்லாதவர்கள் மச்சானின் மச்சான் கடையைச் சொன்னார்கள். மனோகரன் அதுநாள் வரைக்கும் போனில் ஒரு ஸ்டார்கூட யாருக்கும் வைத்தவன் இல்லை. பெண்டாட்டி மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைப் படிக்கப் படிக்க, பார்க்காத பேக்கரிக்கும் அடிவைக்காத அழகு நிலையத்துக்கும் ஐந்து ஐந்தாகத் தட்டினான். மொய் என்றால் கூடச் செய்யவேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றுக்கும் அருமை என்று ஒரு வார்த்தையும் சேர்த்தான். மாட்டுத்தீவனத்துக்கும் அருமை. ரெண்டு நாள் ஆயிற்று. எண்பத்தாறாவதைத் தட்டும்போது நாக்கு அரித்தது. மலர்க்கொடி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வந்திருச்சு என்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பில் இருந்ததை இறக்கப் போனாள். காரைக்காலில் அதற்குள் வீட்டுக்கு ஒருத்தருக்காவது வந்திருந்தது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து ரெண்டு அளவில் விற்றார்கள், முகத்துக்குச் சின்னது, வாய்க்குப் பெரியது.

மறுநாள் பகல் கடை திறக்கும் முன்னால், டேங்க்குக்குப் பின்னால் தனக்காக நல்லபடியாகக் காய்ச்சி ஒதுக்கிவைத்திருந்த சின்னப் பீப்பாயிலிருந்து மனோகரன் ஒரு கிளாஸ் பிடித்தான். அதற்குப் பெயர் கிடையாது, பலகையிலும் இல்லை. வெயில் பட்டுத் தங்கமாக இருந்தது, நுரை வெள்ளையாக நின்றது. ஒரு வாய் குடித்தான். ஒன்றுமே தெரியவில்லை. கசப்பில்லை, இனிப்பில்லை, குளிர்ச்சிகூட இல்லை. இன்னொரு வாய் குடித்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றான். நாக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரண்டு எதையோ தேடியது, பல்லில் இடித்தது. இத்தனை வருஷம் ஒரு சொட்டை வைத்து நாள் சொன்ன நாக்கு அது. மனோகரன் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போய், மூட்டைகளுக்கு அடையாளம் போடும் சாக்பீஸை எடுத்து வந்து, பீப்பாயின் நெற்றியில் நாலு புள்ளி ஒன்பது என்று பெரிதாக எழுதினான். வாயைத் திறந்து நாக்கை அதற்கு நேரே கொஞ்சம் காட்டினான். கிளாஸை எடுத்துக் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு கிளாஸ் பிடித்துக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பெரிய டேங்க்கின் கூலரை நிறுத்தப் போனான்.