வெளியே போட்ட பூட்டு

சலவைக் கூடத்தில் அவளை எல்லாரும் வெடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு அப்படி. ஆனால் பத்து நாளாக அவள் வாயே திறக்கவில்லை. நீராவிக் குழாய் பிளந்த அன்றைக்குப் பின்வாசல் வெளிப்பக்கம் பூட்டிக் கிடந்தது. துணி திருட்டுப் போகிறதாம், முதலாளி போட்ட பூட்டு. துணி போனால் அவருக்கு வயிறு எரியும், கை போனால் யாருக்கென்ன! இஸ்திரி மேசைகளைச் சுற்றி முன்வாசலுக்கு ஓடுவதற்குள் வெடியக்காவின் தங்கைக்கு வலது கை வெந்துபோனது. ஏழு மாதக் கர்ப்பிணி. மறுநாளே குழாயை மாற்றினார்கள். பூட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த முதலாளிதான் அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையிலும் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கும் முறை வெடியக்காவுக்கு வந்தது. வாசித்தவர் பொருளையும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும், அந்தச் சபையில் அது வழக்கம். அன்றைய பகுதி, அடிமைகள் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை நிலைக்காலில் பூசிச் சாவுக்குத் தப்பிய கதை.

"அந்த ஆட்டுக்குட்டி நம்ம இயேசு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்," என்றாள். "ஆனா கர்த்தர் ரத்தத்தை எங்க பூசச் சொன்னாரு? வாசல்ல. உயிர் தப்புறதுக்கு வாசல் வேணும். நாங்க வேலை பார்க்கிற இடத்துல அதைப் பூட்டி வெச்சிருக்கு."

தங்கை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

முதலாளி சிரித்த முகமாக எழுந்தார். "முழுசா சொல்லும்மா. அன்னைக்கு யாரும் வாசலைத் தாண்டிப் போகக் கூடாதுன்னும்தானே கட்டளை?"

போதகரே ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். வெடியக்காவுக்குப் பயமாக இருந்தது. ஒரு சொல் தப்பினால் இரண்டு பேர் வேலையும் போகும். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

"ஆமாங்க. ஆனா தாழ்ப்பாள் உள்ளே இருந்துச்சு. நேரம் வந்ததும் அவங்களே திறந்துட்டுக் கிளம்பினாங்க. வெளியே இருந்து அடைச்சது இயேசுவோட கல்லறையைத்தான். கல்லை வெச்சு, முத்திரை போட்டு, காவலும் நிறுத்தினாங்க. மூணாம் நாள் என்னாச்சு? சொல்லுங்க பார்ப்போம்!"

வேண்டாம் என்று தலையாட்டிய தங்கைதான் பதில் சொன்னாள். "திறந்துடுச்சு."

திங்கட்கிழமை முதலாளி ஆள் விட்டுச் சொன்னார். சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் அக்காவுக்கும் வேலை இல்லை, தங்கைக்கும் இல்லை. வெடியக்கா, "பார்க்கலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது பின்வாசலில் கதவே இல்லை. கீலையும் கொண்டியையும் கழற்றிக் கதவைப் பூட்டோடு சுவரில் சாய்த்திருந்தது. காற்று ஜம்மென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. மேசைகளில் பதினோரு பெண்கள் தலை நிமிராமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எவ செஞ்சது இது?"

"நான்தாங்க," என்றாள் வெடியக்கா. "உங்க பூட்டை உடைக்கலை, பத்திரமா இருக்கு, பாருங்க. அந்தக் கல்லையும் யாரும் உடைக்கலை. உருட்டித்தான் விட்டிருந்துச்சு."

"வெளியே போடீ!"

"இப்ப போகலாங்க. வழி இருக்கு."

பின்வாசல் வழியாகவே போனாள். ஓரமாக இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். முதலாளி மற்றவர்களை முறைத்தார். அவர்களும் ஒவ்வொருவராக இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நடந்தார்கள். கடைசியாகப் போனவள் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனாள்.