இரண்டாம் கூண்டின் எட்டு எலிகள்

அந்த ஆராய்ச்சி மாணவியின் நான்கு வருட உழைப்பு இருபது சுண்டெலிகளின் உயிரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கூண்டுகள், ஒவ்வொன்றிலும் பத்து. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கதிர்வீச்சு. அதற்கு முன் முதல் கூண்டுக்கு அவள் தயாரித்த மருந்தை ஊசியில் ஏற்றினாள். இரண்டாவதற்கு வெறும் உப்புத் தண்ணீர். முப்பது நாளில் மருந்து கண்டவை பிழைக்க வேண்டும், மற்றவை பெரும்பாலும் மண்டையைப் போட வேண்டும். அப்படி நடந்தால் முனைவர் பட்டம். இல்லையென்றால் கோவிந்தா.

இருபதாம் நாளும் எண்ணினாள். முதல் கூண்டில் பத்து. இரண்டாவதில் இன்னமும் எட்டு! செத்திருக்க வேண்டியவை குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தன. உப்புத் தண்ணீருக்கே இத்தனை மகிமை என்றால் அவள் மருந்து எதற்கு? கதிர்வீச்சுக் கருவியைச் சோதித்தாள். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தலையணை நனைய அழுதாள்.

தினமும் காலையில் எண்ணிவிட்டுப் போகிறவள், மறுநாள் மனசே இல்லாமல் மதியம்தான் வந்தாள். எலிகளைப் பராமரிக்கும் அண்ணன் இரண்டாம் கூண்டின் முன் குந்தியிருந்தார். கையில் ஒரு கிண்ணம்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா." பட்டம் வருமுன்பே அவர் கொடுத்துவிட்ட பட்டம் அது. "கட்டித் தீவனத்தைக் கடிக்க இதுங்களுக்குத் தெம்பில்ல. அதான் குளுக்கோஸ் தண்ணியில ஊறவச்சு..."

"எத்தனை நாளா?"

"எட்டாம் நாள்லேர்ந்து."

"ரெண்டு கூண்டுக்குமா?"

"அந்தக் கூண்டுக்கு எதுக்கு? அதுங்கதான் கல்லைத் தின்னாலும் செரிக்கிற மாதிரி திரியுதே!"

எதில் எந்த ஊசி என்பது அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதே விதி. அப்படியென்றால் அந்த எட்டும் பிழைத்தது அவர் ஊட்டியதால்தான்! அவள் துள்ளிக் குதிக்காத குறைதான்.

"அண்ணே, என் மருந்து வேலை செய்யுது!"

"அப்ப எழுதிடுங்களேன்."

"முடியாதுண்ணே. நீங்க ஊட்டினதால இது செல்லாது. ஆனா பரவால்ல, புதுசா இருபது எலி வச்சு முதல்லேர்ந்து பண்ணிடலாம்!" சொல்லும்போதே சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

"அதுலயும் பத்துக்கு வெறும் உப்புத் தண்ணிதானா?"

"ஆமா."

"ஊறவச்சும் குடுக்கக் கூடாது?"

"கூடாதுண்ணே."

அவர் கூண்டையே பார்த்தார். "எட்டைக் காப்பாத்தப் போயி இன்னும் பத்துக்குக் குழி பறிச்சிட்டேனா, டாக்டரம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. பொய் சொல்ல வாய் வரவில்லை.