நரம்பு என்று சொன்னான்

"கால் வீங்கின மனுஷனை வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க அண்ணி?"

"நான் என்ன பண்ணலைன்னு..."

"பத்து நாள். பத்து நாளா வீங்கிக் கிடந்திருக்கு."

"என்னைப் பேச விடு முதல்ல. நான் சொன்னா கேட்கிற ஆளா உங்கண்ணன்?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், இரும்பு நாற்காலி வரிசையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். காலையில் குளித்துவிட்டு வந்த அண்ணன் சட்டைப் பொத்தானைப் போடும்போதே மூச்சுத் திணறி விழுந்திருந்தான். தங்கை கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். மருந்துக்கடையின் நீல மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"சுகர், தொப்பை, கொழுப்பு. போதாததுக்கு நாள் முழுக்க டிக்கெட் கவுண்டர்ல உட்கார்ந்த வேலை. நீங்கதானே பார்த்துக்கணும்?"

"பார்க்காமலா இருந்தேன்? நடங்கன்னா, 'எனக்கு என்னடி குறைச்சல், சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, கொழுப்பு இருக்கு, சொத்து ஒண்ணுதான் இல்லை'ம்பார். நானும் சிரிச்சுத் தொலைப்பேன்."

தங்கைக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டேன்," என்றாள் அண்ணி. "ரெண்டு தடவையும் வரமாட்டேன்னுட்டார். 'வைத்தியம் நடந்துக்கிட்டுதான் இருக்கு, நீ சும்மா இரு'ன்னார். என்ன வைத்தியம்னு கேட்டா வாயைத் திறக்கலை."

தங்கை நீல மேலங்கியின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள்.

அந்த வைத்தியம் அவள்தான். பத்து நாளைக்கு முன்னால் கடைக்குப் போன் வந்தது. கல்லா முன்னால் ஏழு பேர் நின்றார்கள். "கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிப் பிடிக்குது, ஏதாவது குடு," என்றான். பதினாலு வருஷப் பழக்கம்; நரம்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே கை தானாக மூன்றாம் தட்டுக்குப் போயிற்று. சிவப்பு நிற நரம்பு மாத்திரை, இரண்டு அட்டை. ஊசி குத்தும் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், மரத்துப்போனாலும் நரம்பு என்கிறோம். எந்த நரம்பு என்று அவள் கேட்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். குரல் நிதானமாக இருந்தது.

"இடது கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கும்மா. அதுல ஒரு துண்டு பிரிஞ்சு நுரையீரலை அடைச்சிருக்கு. சுகரும் உடம்பு எடையும் உட்கார்ந்த வேலையும் சேர்ந்தா இந்த ஆபத்து கூடும். ஒரு கால் மட்டும் வீங்கினா உடனே வந்திருக்கணும். வலிக்கு ஏதாவது சாப்பிட்டாரா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் சாப்பிடலை," என்றாள் அண்ணி.

"சாப்பிட்டான்," என்றாள் தங்கை. "நரம்பு மாத்திரை. நான்தான் குடுத்தேன்."

"நரம்பு வேற, ரத்தக்குழாய் வேறம்மா." டாக்டர் அதைக் கடிந்து சொல்லவில்லை. "அந்த மாத்திரை கெடுதல் பண்ணலை. ஆனா நாள் போயிடுச்சு." மறுபடி உள்ளே போய்விட்டார்.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த அவனுடைய கைக்கடிகாரத்தின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். பேசாத ஆள் இல்லை அவள். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் வைத்திருப்பவள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் முகமூடியைக் கையில் பிடித்தபடி வந்தார். "எங்களால முடிஞ்சதையெல்லாம் பார்த்தோம்," என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் தங்கையின் காதில் ஏறவில்லை. அண்ணி எழுந்தாள். நின்றாள். மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

தங்கை தரையில் இறங்கி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லுங்க அண்ணி. திட்டவாவது செய்யுங்க."